கட்டாக்காலியும் கழுத்துப்பட்டியும்: கொழும்பு நகரின் நாய்ச் சட்டங்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலங்கையின் எழுதப்பட்ட வரலாற்றிலே நாய் மிக முற்பட்ட ஓரிடத்தைப் பெறுகின்றது. விஜயனும் தோழரும் கரையிறங்கிய கதையைக் கூறும் மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயத்தில், குவேனியின் பணிப்பெண்ணான இயக்கி ஒருத்தி பெண்நாய் வடிவில் அவர்கள் முன் தோன்றுகிறாள். இளவரசன் தடுத்தும் கேளாது ஒருவன் அதனைப் பின்தொடர்கிறான். நாய் உண்டெனில் அருகே ஊர் இருத்தல் வேண்டும் என்பது அவனது தருக்கம். கதை ஐதிகமே எனினும், அதனை எழுதிய பிக்குவின் உலகநோக்கு வரலாற்றுச் சான்றாகும். நாய் அவருக்கு மனிதக் குடியிருப்பின் அடையாளம். அது எவருடைய நாய் என்ற வினா அங்கு எழவில்லை. அவ்வினா சட்டத்தின் வினாவாக எப்பொழுது எழுந்தது, எவருக்காக எழுந்தது, அதற்கு விடையளிக்க இயலாத நாய்க்கும் அந்நாயோடு வாழ்ந்த மனிதருக்கும் என்ன நேர்ந்தது என்பனவே இக்கட்டுரையில் எமது கவனத்துக்குரியவை.

நாய் பற்றியும் ஆராய்ச்சியா என முகஞ்சுளிப்போர் எம்மவரிடையே உளர். நில உடைமையையும் கூலியையும் பற்றிப் பேசுவதே வரலாற்றுப் பொருள்முதல்வாதம் என எண்ணுவோர் அவருட் சிலர். உடைமை என்ற கருத்து எத்துணை ஆழமாக அன்றாட வாழ்வினுள் இறங்கியுள்ளது என்பதை அறிய, அது ஒரு விலங்கின் கழுத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட விதத்தை நோக்குவது பயனற்ற வேலையன்று என்பது எமது கருத்து.

முதலிலே சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டார் தெருநாய் என்பதை ஈழத்தமிழர் கட்டாக்காலி நாய் என்பர். காலி என்பது கால்நடையைக் குறிக்கும் பழஞ்சொல். கன்றுகாலி என்ற வழக்கில் அது இன்றும் வாழ்கிறது. எனவே கட்டாக்காலி என்பது கட்டப்படாது திரியும் மாடு. வேலியடைத்துப் பயிரிட்ட யாழ்ப்பாணத்துக் குடியானவனுக்கு, வேலி பாய்ந்து பயிரை மேயும் மாடு உண்மையான பொருளாதாரப் பிரச்சினையாக இருந்தது. அம்மாட்டுக்கு ஓர் உடையவன் இருந்தான், அவன் அதனைக் கட்டத் தவறினான், குற்றம் அவனுடையது. இச்சொல் மாட்டிலிருந்து நாய்க்கு மாறியபோது அதன் பொருளும் மாறிற்று. கட்டாக்காலி நாயைக் கட்டத் தவறியவன் எவனும் இல்லை. கட்டப்படாமையே அந்நாயின் குற்றமாயிற்று. கட்டுக்கடங்காத இளைஞனையும் எம்மூர்ப் பெரியவர்கள் கட்டாக்காலி என்று ஏசுவது இவ்விரண்டாம் பொருளின் வழியே வந்ததாகும்.

பழந்தமிழ் நூல்களில் இந்நிலை இல்லை. ஞமலி, ஞாளி என்ற பெயர்களோடு சங்கச் செய்யுள்களில் வரும் நாய், வேட்டுவனுடையதாகவோ மனைமுற்றத்தினதாகவோ அமைகிறது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கையும் ஒருசேர வைத்து அவற்றின் குட்டியைக் குருளை என்கிறது. புலிக்கும் நாய்க்கும் ஒரே பெயர் வழங்கிய அம்மரபு, இழிந்த பிராணி என்ற பிற்காலக் கருத்தைச் சுமக்கவில்லை. நாயை இழிவின் உருவகமாகப் பக்தி இலக்கியம் பெருவழக்காக்கியது வேறொரு சமூக அமைப்பின் விளைவு. அதனை இங்கு விரிப்பின் பெருகும்.

சட்டத்துக்கு வருவோம். ஒல்லாந்தரிடமிருந்து கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஒல்லாந்தர் காலத்து நீதிமுறையைத் தொடர்ந்தனர். அதனால் உரோமன்-ஒல்லாந்தச் சட்டம் இலங்கையின் பொதுச் சட்டமாக நிலைத்தது. நாய்க்கடி பற்றிய அதன் கோட்பாடு, கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமப் பன்னிரு பலகைச் சட்டத்தை வேராகக் கொண்டது. வீட்டு விலங்கொன்று தன் இனத்துக்குரிய சாந்த இயல்புக்கு மாறாக நடந்து பிறருக்குத் தீங்கு செய்யின், உடையவன் கவனக்குறைவாக இருந்தானோ இல்லையோ, நட்டம் அவனைச் சாரும். நட்டஈடு கொடுக்க விரும்பாதவன் அவ்விலங்கையே கடியுண்டவனிடம் ஒப்படைக்கலாம் என்றும் பழைய உரோமச் சட்டம் கூறிற்று. ஆங்கிலப் பொதுச்சட்டமோ, நாயின் கெட்ட குணத்தை உடையவன் முன்னரே அறிந்திருந்தானா என்று கேட்டது. முந்தியது கடியுண்டவன் பக்கமும் பிந்தியது உடையவன் பக்கமும் சற்றுச் சாய்வன. இவற்றோடு, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைக் கோவையைத் தழுவி 1883இல் இலங்கையில் ஆக்கப்பட்ட தண்டனைக் கோவை, தன் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கு ஆபத்து நேராது காக்கத் தவறுபவனைக் குற்றவாளி என்றது.

இம்மூன்றிலும் பொதுவான ஒன்று மனங்கொள்ளத்தக்கது. இவை யாவும் உடையவனைத் தேடுகின்றன. நாய் எவ்வகையினது, அதன் நிறம் என்ன, அது சீமை நாயா நாட்டு நாயா என்று இவை கேட்கவில்லை. கடியுண்டவன் வழக்காடப் பணமுள்ளவனாகவும், கடித்த நாயின் உடையவன் முகவரி உள்ளவனாகவும் இருக்கும்வரை இச்சட்டங்கள் ஓரளவு நியாயமானவையே. காலி வீதியின் இருமருங்கும் மதில் எழுப்பி வாழ்ந்தோருக்கு அவை போதுமானவையாக இருந்தன. கொட்டாஞ்சேனை முடுக்குகளிலே அவற்றால் ஆகக்கூடியது எதுவுமில்லை. அங்கு நாய்க்கும் முகவரி இல்லை. கடியுண்டவனுக்கும் வழக்கறிஞர் இல்லை.

இந்த இடைவெளியினுள்ளேதான் 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் நுழைந்தது. அக்காலத்தின் மருத்துவ நிலையை மறந்து இச்சட்டத்தை மதிப்பிடுவது நேர்மையாகாது. பாஸ்டர் தமது தடுப்பு மருந்தை ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு ஏற்றியது 1885 யூலையில். இந்தியாவின் முதலாவது பாஸ்டர் நிலையம் கசௌலியில் தோன்றியது 1900இல். தென்னிந்தியாவுக்கான குன்னூர் நிலையம் 1907இல். ஆகவே 1893இல் கொழும்பில் விசர்நாய் கடித்த ஒரு கூலித் தொழிலாளிக்குச் சாவைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நீரைக் கண்டு அஞ்சி, தொண்டை இறுகி, அறிவு தெளிந்திருக்கவே இறக்கும் அச்சாவைக் கண்டவர்கள் நாய்களைக் கொல்லுமாறு கோரியதிலே வியப்பில்லை. நோய் கண்ட பிரதேசங்களை அறிவிக்கவும், நாய்களைக் கட்டிவைக்குமாறு பணிக்கவும், கட்டின்றித் திரிபவற்றை அழிக்கவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது.

ஆயினும் அதே தசாப்தத்தில் அதே அரசு தன் சொந்தத் தீவில் என்ன செய்தது என்பதை ஒப்புநோக்க வேண்டியுள்ளது. 1897 முதல் பிரித்தானியாவில் நாய்களுக்கு வாய்க்கூடு கட்டாயமாக்கப்பட்டது. வெளிநாட்டு நாய்களைத் தனிமைப்படுத்தும் விதி கொண்டுவரப்பட்டது. 1902அளவில் நோய் ஒழிந்தது. நாயபிமானிகள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். பிரபுக்களின் வேட்டைநாய்க் கூட்டங்களுக்கு வேட்டையின்போது விலக்கும் கிடைத்தது. அங்கு ஆயுதம் வாய்க்கூடு. இங்கு ஆயுதம் தடி. அங்கு நாய் வாக்காளனின் உடைமை. இங்கு நாய் ஊரின் எச்சம்.

தடிக்கு எதிர்ப்பே இருக்கவில்லை என எண்ணிவிடலாகாது. பம்பாயில் 1813ஆம் ஆண்டு விதியொன்றின்படி வெயிற்காலத்தில் தெருநாய்கள் கொல்லப்பட்டு வந்தன. ஒரு நாய்க்கு எட்டணா வெகுமதி. 1832இல் கொலைக்காலம் நீடிக்கப்பட்டு, வெகுமதிக்காக வீட்டு முற்றத்து நாய்களும் அடிக்கப்பட்டபோது, நாயைப் புனிதமாகக் கொள்ளும் பார்சிகள் யூன் 6ஆந் திகதி கிளர்ந்தெழுந்தனர். கடைகள் மூடப்பட்டன, கோட்டைக்குச் செல்லும் உணவும் நீரும் தடுக்கப்பட்டன. சமய உணர்வு என்ற போர்வையினுள்ளே, குடியேற்ற அரசின் காவலர் தம் வாசலுக்குள் நுழைவதற்கெதிரான நகர மக்களின் சீற்றமும் அதில் இருந்தது. கொழும்புச் சைவர்களுக்கு அத்தகைய பிடிமானம் இல்லாமற் போனதேன் என்பது சிந்தனைக்குரியது. வைரவரின் வாகனம் நாய். யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே சூலமொன்றை நட்டு வைரவரை வழிபட்டோர் பெரும்பாலும் எளிய மக்களே. அவ்வழிபாடு நாயை ஓரளவு காத்தது. கொழும்பிலோ சைவத்தின் தலைமை வேறு வர்க்கத்தின் கையில் இருந்தது. 1893இலும் 1901இலும் சொலிசிட்டர் ஜெனரல் பதவியில் இருந்தவர் சேர். பொன்னம்பலம் இராமநாதன். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைப் பின்னர் கருங்கல்லாற் கட்டுவித்தவரும் அவரே. அவரைக் குற்றஞ்சாட்டுதல் எமது நோக்கமன்று. ஆலயத்து வைரவரும் வீதியிலே திரிந்த வாகனமும் அவ்வர்க்கத்தின் மனத்திலே இருவேறு அறைகளில் இருந்தன என்பதே நாம் காட்ட விழைவது.

1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம், முன்னைய சட்டம் தொடக்கியதை முழுமையாக்கிற்று. ஆண்டுதோறும் பதிவு, அதற்கொரு கட்டணம், பதிவற்ற நாய் கைப்பற்றப்படும் என்பதே அதன் சாரம். பார்வைக்கு எளிய நிருவாக விதி. ஆனால் ஒரு முடுக்கில் இருபது குடும்பங்கள் ஒரே தண்ணீர்க் குழாயைச் சூழ்ந்து வாழ்வதாகக் கொள்வோம். அங்கு ஒரு நாய் காலையில் ஒரு வீட்டின் பழஞ்சோறும் மாலையில் இன்னொரு வீட்டின் மீன்முள்ளும் தின்று, இரவில் முடுக்கு முழுவதுக்கும் குரைக்கும். அது உடையவனற்ற நாயன்று, பலருடைய நாய். கூட்டுடைமை என்ற வகைமை குடியேற்றச் சட்டத்திடம் இருக்கவில்லை. ஒருவனுடையது, எவனுடையதும் அல்லாதது என்ற இரண்டே அதற்குத் தெரியும். பதிவேட்டிலே உடையவன் பெயருக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. அக்கட்டம் நிரப்பப்படாவிடின் நாய் வண்டி வரும்.

அவ்வண்டியோடு வந்தவர் எவர் என்பதும் எமது கவனத்துக்குரியது. கொழும்பு மாநகர சபையின் துப்புரவு வேலைகளுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, நகரசபை லயன்களிலே அடைக்கப்பட்டோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே. நகரத்தார் தொட விரும்பாத வேலைகள் யாவும் அவ்வடிமட்ட ஊழியர் தலையில் விழுந்தன. முடுக்கின் சிறுவர்கள் கல்லெறிந்தது சட்டத்தை ஆக்கியவர்கள் மீதன்று. சுருக்குக் கயிற்றோடு நின்றவன் மீது. ஏழையை ஏழைக்கு எதிரே நிறுத்தும் உபாயத்தை இதைவிடச் சிறிய அளவிலே காண்பது அரிது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, இத்தொழிலாளருட் பெரும்பாலோர் தாமே பதிவற்றவராயினர்.

இனி, இனம் என்ற கருத்துக்கு வருவோம். நாய்களிலே தூய இனம் என்பது பழமையானதெனப் பலர் நம்புகின்றனர். வேட்டைக்கும் காவலுக்குமென வளர்க்கப்பட்ட வகைகள் பழமையானவை. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகியன எம்மவர் அறிந்தவை. ஆனால் வமிசப் பட்டியலும் முடிய பதிவேடும் கொண்ட இனம் விக்ரோறியா காலத்து இங்கிலாந்தின் உற்பத்தி. நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்தது 1859இல். இலண்டன் கெனல் கழகம் தோன்றியது 1873இல். பிரபுக்களின் வமிசாவளி மோகத்தைப் புதுப்பணம் படைத்த நடுத்தர வர்க்கம் நாயின் மீது ஏற்றிப் பார்த்தது என்பது மிகையன்று. இப்பட்டியலில் அடங்காத, கீழ்த்திசை நகரங்களிலே தானே பெருகிய நாய்க்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘பறையா நாய்’. தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதியொன்றின் பெயர் ஐரோப்பிய மொழிகளிலே ஒதுக்கப்பட்டவன் என்ற பொதுச்சொல்லாகி, பின்னர் ஒரு விலங்கின் இனப்பெயராகி, அகராதிகளிலும் இடம்பெற்றது.

ஆங்கிலேயரை மட்டும் ஏசி நாம் தப்பிவிட முடியாது. இவ்வசை யாழ்ப்பாணத்து வேளாள வீட்டு முற்றங்களிலும் ஆங்கிலேயர் உதவியின்றியே வழங்கிற்று. சிங்களத்தில் ஊர்சுற்றும் நாயைக் குறிக்கும் அடை, ‘பற தெமளா’ என்று தமிழன் மீதும் ஏவப்படுகிறது. அச்சொல்லின் மூலம் அயலான் எனப் பொருள்படும் வடசொல்லா, சாதிப்பெயரா என்று மொழியியலார் ஆராயட்டும். 1958இலும் 1977இலும் 1983இலும் கொழும்புத் தெருக்களிலே அதைக் கேட்டவர்களுக்கு அவ்வாராய்ச்சி தேவைப்படவில்லை. சாதிமான் ஒருவன் தன் கீழிருந்தவனை நோக்கி எறிந்த சொல், இனத்தின் பெயரால் அவன் வாசலுக்கே திரும்பிவந்தது.

கொலை நோயைத் தடுத்ததா என்ற நேரடி வினாவுக்கு வரலாறு தெளிவான விடை தருகிறது. கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்து எண்பது ஆண்டுகளின் பின், 1973இல், இலங்கையில் விசர்நாய்க்கடியால் இறந்தோர் 377 பேர். எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி ஏற்றும் திட்டம் தொடங்கிற்று. கடியுண்டோருக்கு அரச மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை விரிந்தது. தொப்புளைச் சுற்றி ஏற்றப்பட்ட பழைய ஊசிகளின் இடத்தைத் திறன்மிக்க புதிய தடுப்பு மருந்து பிடித்தது. அண்மைய ஆண்டுகளில் இறப்புகள் முப்பதைச் சுற்றியோ அதற்குக் கீழோ நிற்கின்றன. நாய்த்தொகை குறைந்ததனால் நேர்ந்த வீழ்ச்சியன்று இது. அடித்துக் கொன்ற நாயின் இடத்தைத் தடுப்பூசி காணாத இன்னொரு நாய் பிடித்துக்கொள்ளும். ஊசியேற்றிய நாயோ தன் முடுக்கைத் தானே காத்து நோயின் வழியை அடைக்கும். இலவச சுகாதார சேவை என்ற சமூக உரிமை ஈட்டியதைத் தடி ஈட்டவில்லை.

2006இல் அரசு கட்டாக்காலி நாய்களைக் கொல்லாமை என்ற கொள்கையை ஏற்றது. கருத்தடையும் தடுப்பூசியும் வழியாயின. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் வரலாற்றாசிரியன் திகதிகளை அருகருகே வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவன். அடுத்த ஆண்டு, 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர், கொழும்பில் இருப்பதற்கு ஏற்ற காரணம் காட்டவில்லை எனக் கூறப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. மனிதரை நாயோடு ஒப்பிடுவது எமது நோக்கமன்று. அவ்வொப்பீட்டின் கொடுமையை மேலே கண்டோம். நாம் சுட்டுவது நிருவாக முறையின் ஒருமையை. இந்நகரில் நிற்க உனக்கு எவர் பொறுப்பு, எங்கே பதிவு என்ற வினா 1901இன் பதிவேட்டிலும் இருந்தது. வெள்ளவத்தை விடுதிக் கதவைத் தட்டிய காவலரின் நாவிலும் இருந்தது.

இன்று ‘ஆபத்தான நாய்கள்’ என்ற புதிய வகைமை உலகெங்கும் சட்டமாகி வருகிறது. பிரித்தானியாவின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் பிட்புல், யப்பானிய டோசா, டோகோ ஆர்ஜென்டினோ, பிலா பிரசிலெய்ரோ என்ற நான்கு வகைகளைத் தடுத்தது, எக்ஸ்.எல். புல்லி என்ற ஐந்தாவது வகை 2023 முடிவில் சேர்க்கப்பட்டது. இலங்கையும் பிட்புல், டோசா போன்றவற்றின் இறக்குமதியைத் தடுத்துள்ளது. இந்திய மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடைசெய்யுமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. ஏப்பிரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. இனப்பட்டியல் உடையவனுக்கு வசதியானது. பட்டியலில் இல்லாத நாயை வளர்ப்பவன், தன் நாய் கடியாது எனச் சட்டமே சான்று தந்ததாக எண்ணுகிறான். உரோமச் சட்டம் கேட்ட வினா, இந்த நாயைக் கொண்டு நீ என்ன செய்தாய் என்பது. பட்டியற் சட்டம் கேட்பது, இது யாருக்குப் பிறந்தது என்பது. சாதியமைப்பினுள்ளே வாழ்ந்த எமக்கு இரண்டாவது வினா புதியதன்று.

வெள்ளவத்தையிலே மதில் வீடுகள் பல மறைந்து மாடிமனைகள் எழுந்துவிட்டன. அங்கு நாயை அனுமதிப்பதா என்பதை நாடாளுமன்றச் சட்டத்தைவிட முகாமைத்துவக் குழுவின் விதியே தீர்மானிக்கிறது. மின்தூக்கியில் நாயை ஏற்றலாமா என்ற வாக்குவாதங்களிலே சட்டம் அறிந்தவர்கள் பலர் பங்குபற்றுகின்றனர்; நாயைக் குளிப்பாட்டி உலாத்தக் கூட்டிச் செல்லும் வீட்டுப் பணிப்பெண் பங்குபற்றுவதில்லை. சங்கிலியைப் பிடித்திருப்பவளும் கடிபடக்கூடியவளும் அவளே என்பது எந்தக் குழுவின் அறிக்கையிலும் வருவதில்லை. விலங்குக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. அதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த சட்டமூலம் ஆண்டுக்கணக்காக மேசைகளிடையே கிடந்தது. விலங்கு நேசமும் வர்க்கத்தால் வரையறுக்கப்பட்டதே.

வடகொழும்பிலோ மாற்றம் வேறு வகையினது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டதன் பின், முடுக்குகளும் தோட்டங்களும் இடிக்கப்பட்டு மக்கள் தொடர்மாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பத்துக்கு ஒரு வீடு கிடைத்தது. முடுக்கின் நாய்க்கு எவ்வீடும் உரித்தாகவில்லை. பலருடையதாய் இருந்த நாய், பலரும் பிரிக்கப்பட்டதும் உண்மையிலேயே எவருடையதும் அல்லாததாயிற்று. கட்டாக்காலி பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறது என்பதற்கு இதனினும் நேரடியான சான்று வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டின் இந்திய விதிகள் சமூக விலங்கு என்ற வகைமையை ஏற்று, சோறிடுவோரையும் அப்பகுதி மக்களையும் சட்டத்தினுள் கொண்டுவந்தன. 2025 ஆகத்து 11இல் டெல்லி நாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்ததும், பதினொரு நாட்களில் அதனைத் திருத்தியமைத்ததும், அவ்வகைமை இன்னும் எத்துணை பலவீனமானது என்பதைக் காட்டுகின்றன. எனினும் கூட்டுப் பொறுப்பு என்ற கருத்தாவது அங்கு எழுத்தில் உண்டு.

கொட்டாஞ்சேனையிலே எஞ்சியுள்ள முடுக்கொன்றில் தடுப்பூசி ஏற்ற வந்தோரை நாம் ஒருமுறை பார்த்து நின்றோம். துண்டிலே உரிமையாளர் பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஊழியர் பேனாவை நிறுத்தினார். ஒரு பெண் தன் பெயரைச் சொன்னாள். அடுத்த வாசலில் நின்றவள், ‘என்ர பேரையும் போடுங்கோ, நானுந்தான் சோறு வைக்கிறனான்’ என்றாள். இரண்டு பெயரை எழுத அங்கு இடமிருக்கவில்லை. ஊழியர் முதற் பெயரை எழுதினார். இரண்டாமவள் நாயின் வாயைப் பிடித்துக்கொள்ள, ஊசி ஏற்றப்பட்டது.